பெரிய படங்களை ஆழமாக உருப்பெருக்கும் சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல நூறு மெகாபிக்சல், சில சமயம் பல கிகாபிக்சல் அளவுள்ள படங்களை முழுதாக இறக்காமல், பார்க்கிற பகுதியை மட்டும் சின்னச் சின்ன டைல்களாக (சதுரத் துண்டுகளாக) பிரவுசருக்கு அனுப்பும் திறமூல பட சர்வர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய நிலப்படங்கள் முந்நூறு போல இருக்கின்றன. எல்லாவற்றையும் முன்கூட்டியே டைல்களாக வெட்டி, சாதாரண வெப் சர்வரில் போட்டுவிட்டால் போதாதா? இதற்கென்று தனி பட சர்வர் எதற்கு?

உங்கள் தேவைக்குப் போதும். லிப்விப்ஸ் என்ற நிரல் நூலகத்தில் ஒரே கட்டளையில் படத்தை டீப் ஜூம் என்ற அடுக்கு முறையில் டைல்களாக வெட்டிவிடலாம், படங்களை இணையத்தில் பரிமாறும் பொதுத் தர வரையறையான ஐஐஐஎஃப் அமைப்பிலும் வெட்டலாம். அந்தத் தர வரையறையே இதைப் ‘பூஜ்ய நிலை’ என்று ஏற்றுக்கொள்கிறது. ஓப்பன்சீட்ராகன் மாதிரியான பார்வை மென்பொருள் அதை நேராகக் காட்டும். இயங்கும் நிரல் எதுவும் சர்வரில் இல்லை, அதனால் பழுதாகவும் அதிகம் எதுவும் இல்லை. நீங்களோ உங்களுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வருகிறவரோ பல ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம்.

சிக்கல் கோப்புகளின் எண்ணிக்கையில்தான். ரைக்ஸ்மியூசியம் 2022-இல் வெளியிட்ட ரெம்பிராண்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியத்தின் படம் 717 கிகாபிக்சல், அதாவது ஏறத்தாழ 9,25,000 பிக்சல் அகலமும் 7,75,000 பிக்சல் உயரமும். அதை 256 பிக்சல் டைல்களாக வெட்டினால் முழு அளவுள்ள அடிமட்டத்தில் மட்டுமே ஒரு கோடிக்கு மேல் கோப்புகள் வரும். அடுத்தடுத்த மட்டங்கள் பாதிப் பாதியாகக் குறைவதால் அவையெல்லாம் சேர்ந்து இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் படங்கள் இவ்வளவு பெரியவை அல்ல என்றாலும், முந்நூறு படம் மூவாயிரமாகும்போது காப்பு எடுப்பதும் இன்னொரு வட்டுக்கு மாற்றுவதும் நாள்கணக்கில் இழுக்கும். அப்புறம், யாராவது ‘இந்த ஊர்ப் பகுதியை மட்டும் 800 பிக்சல் அகலத்தில் வெட்டிக் கொடு’ என்று இணைப்பு வழியாகவே கேட்க வேண்டுமென்றால் முன்கூட்டி வெட்டிய டைல்கள் உதவாது. அந்த இடத்தில்தான் ஐஐபிஇமேஜ், கேன்டலூப் மாதிரியான சர்வர் தேவைப்படுகிறது. படத்துக்கு ஒரே கோப்பு, கேட்கும்போது வெட்டிக் கொடுக்கும். அந்தத் தேவை வரும்வரை சர்வர் நிறுவ வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: மூலப்படத்தை எந்த வடிவத்தில் வைப்பது? டிஃப் என்கிறார் ஒருவர், ஜேபெக் 2000 என்கிறார் இன்னொருவர்.

இரண்டும் சரியான தேர்வுகள். செலவு வெவ்வேறு இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான்.

டைல்களாகப் பிரித்து, பிரமிடு மட்டங்களையும் (அதே படத்தின் படிப்படியாகச் சிறுக்கும் பிரதிகளை) உள்ளேயே வைத்த டிஃப் கோப்பில் சர்வருக்கு வேலை குறைவு. எந்த டைல் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை உள்ளேயே இருக்கிறது, அங்கே போய்ப் படித்து அனுப்பிவிடலாம். பதிலுக்கு வட்டில் இடம் கூடுதலாகப் போகும். ஜேபெக் 2000-இல் பல அளவுகள் சுருக்க முறையிலேயே அடங்கியிருப்பதால் தனிப் பிரமிடு வேண்டாம், கோப்பும் சிறிதாக வரும். ஆனால் ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் பிராசஸர் உழைக்க வேண்டும், பெரும்பாலான பிரவுசர்கள் அதை நேராகப் புரிந்துகொள்ளாததால் ஜேபெக்காக மறுபடி சுருக்கியும் அனுப்ப வேண்டும். வேகத்தை இங்கே தீர்மானிப்பது பிரிக்கும் நூலகம். நெடுநாளாக வேகத்துக்குப் பெயர்போன ககாடு கட்டண மென்பொருள், கட்டற்ற உரிமத்தில் கிடைப்பது ஓப்பன்ஜேபெக். 2019-இல் வந்த உயர்வேக வகையான ஹெச்டிஜே2கே இந்த இடைவெளியைப் பெரிதும் குறைக்கிறது. ஓப்பன்ஜேபெக் 2.5 முதல் அதைப் படிக்கவும் செய்கிறது.

வட்டு இடம் நெருக்கடி இல்லையென்றால் நான் டிஃப் பக்கம்தான். காரணம் எளிமை: டிஃப்பைத் திறக்கத் தெரியாத கருவி அரிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், பழைய டிஃப் வடிவம் 4 ஜிபியைத் தாண்டாது. அதற்கு மேல் என்றால் பிக்டிஃப் ஆக எழுதச் சொல்லி வெளிப்படையாகக் கட்டளையில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நெடுநேரம் ஓடிய மாற்றம் கடைசியில் பிழையோடு நின்றுவிடும். டைல் இல்லாமல் வரிவரியாக எழுதிய டிஃப்பை மட்டும் சர்வரில் வைக்கவே கூடாது. ஒரு மூலையைக் காட்டுவதற்காகப் படத்தின் முழு அகலத்துக்கும் படிக்க வேண்டிவரும். ‘சர்வர் மெதுவாக இருக்கிறது’ என்று வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்தக் கோப்புத் தயாரிப்புதான் அடிக்கடி கிடக்கிறது.

கேள்வி: ஒரே நேரத்தில் ஐம்பது பேர் பார்த்தாலே எங்கள் சர்வர் திணறுகிறது. நினைவகத்தை இரட்டிப்பாக்கினோம், பலனில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் எத்தனை கோரிக்கை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1920-க்கு 1080 திரையை 256 பிக்சல் டைலால் நிரப்ப குறைந்தது 40 டைல் வேண்டும். 512 பிக்சல் டைல் என்றால் 12. ஒருவர் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போகும்போது இடைப்பட்ட மட்டங்களும் கேட்கப்படும். ஐம்பது பேர் சேர்ந்து உருட்டினால் நொடிக்குப் பல நூறு கோரிக்கைகள் வருவது இயல்பே.

அடுத்து, சர்வர் படத்தைப் பற்றிப் பார்வை மென்பொருளுக்குச் சொல்லும் விவரக் கோப்பில் அறிவிக்கும் டைல் அளவும் மூலக்கோப்பில் உண்மையில் இருக்கும் டைல் அளவும் ஒன்றா என்று பாருங்கள். கோப்பில் 256 இருக்க, பார்வை மென்பொருள் 512 கேட்டால் சர்வர் ஒவ்வொரு தடவையும் நான்கு டைலைப் பிரித்து, ஒட்டி, மறுபடி ஜேபெக்காகச் சுருக்க வேண்டும். இது நினைவகம் கூட்டித் தீராது. கோப்புகளைப் புது அளவில் மறுபடி எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்துவிட்டால் அதன் பலன் எல்லாக் கோரிக்கைக்கும் கிடைக்கும்.

மூன்றாவது கேஷ், அதாவது ஒரு தடவை கொடுத்ததை மறுபடி கொடுக்க எடுத்து வைக்கும் இடம். இந்தப் படங்களில் பார்வை ஒரே சீராகப் பரவுவதில்லை: பிரமிடின் மேல் மட்டங்களை எல்லோரும் பார்க்கிறார்கள், அடிமட்டத்தில் ஆளுக்கொரு மூலைக்குப் போகிறார்கள். அதனால் சிறிய கேஷ் கூட மேல் மட்டங்களுக்கு நன்றாக வேலை செய்யும், அடிமட்டத்துக்கு எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐஐபிஇமேஜ் தானாக ஒதுக்கிக்கொள்ளும் உள்கேஷ் வெறும் 10 எம்பி. அதைக் கூட்டாமல் இயந்திரத்தில் நினைவகத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் சர்வர் அதைத் தன் கேஷுக்கு எடுத்துக்கொள்ளாது. உங்களிடம் நடந்தது இதுவாகவே இருக்கலாம். பல செயல்முறைகள் ஓடுகின்றன என்றால் அவற்றுக்கிடையே பகிர மெம்கேஷ்டு என்ற பொதுக் கேஷ் வைக்கலாம், எல்லாவற்றுக்கும் முன்னால் கோரிக்கைகளை முதலில் வாங்கும் பிராக்ஸியாக என்ஜின்எக்ஸ் அல்லது வார்னிஷ் நிற்கட்டும். டைல் என்பது மாறாத பொருள், நீண்ட கால கேஷ் தலைப்போடு அனுப்பத் தயங்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் திணறினால் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். டைல் படிப்பது என்பது பெரிய கோப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளை எடுப்பது. பிணையம் வழியாக இணைத்த வட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு போய்வரும் நேரம் சேரும். மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் தாமதம் நீடித்தால், பெரும்பாலும் அது இங்கேதான் இருக்கும்.

கேள்வி: சில மாதங்களாக பாட்கள் (தானாக இறக்கும் நிரல்கள்) எங்கள் பட சர்வரைச் சூறையாடுகின்றன. தடுத்தால் வேறு முகவரியிலிருந்து வருகின்றன. என்ன செய்வது?

உங்கள் வேதனை புரிகிறது, இதில் நீங்கள் தனியாக இல்லை. விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்குப்படி, ஊடகக் கோப்புகளை இறக்கச் செலவாகும் அலைவரிசை 2024 ஜனவரிக்குப் பிறகு 50 சதவீதம் கூடியிருக்கிறது, அவர்களுக்கு மிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் பாட்களிடமிருந்து வருகிறது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே இந்த நிலை என்றால், ஒரே இயந்திரத்தில் ஓடும் சிறு காப்பகத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

பட சர்வருக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று இருக்கிறது. எந்தப் பகுதியையும் எந்த அளவிலும் எந்தக் கோணத்திலும் கேட்கலாம் என்பதால் ஒரு படத்துக்குச் சாத்தியமான இணைப்புகளுக்கு எல்லையே கிடையாது. ஒவ்வொன்றும் புதிது, அதனால் கேஷில் இருக்காது. எனவே முகவரியைத் தடுப்பதைவிட எதைக் கொடுப்பது என்பதை முதலில் சுருக்குங்கள். ஒரு கோரிக்கையில் கொடுக்கும் அதிகபட்ச அகலத்துக்கும் பரப்புக்கும் வரம்பு வையுங்கள், அதை விவரக் கோப்பிலும் அறிவித்துவிடுங்கள், நேர்மையான மென்பொருள்கள் அதை மதிக்கும். டைல் கட்டத்தோடு சரியாகப் பொருந்தும் கோரிக்கைகளைத் தாராளமாக விடுங்கள், கட்டத்துக்கு வெளியே வரும் தன்னிச்சையான வெட்டுகளுக்கு மட்டும் இறுக்கமான வேகக் கட்டுப்பாடு வையுங்கள். மனிதர்கள் உருப்பெருக்கிப் பார்ப்பது கிட்டத்தட்ட முழுவதும் முதல் வகை. மேல் மட்டங்களை கேஷிலிருந்தே கொடுத்துவிட்டால் மூல சர்வர் மூச்சு விடும்.

எல்லோரையும் கடவுச்சொல்லுக்குப் பின்னால் தள்ளுவதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்களைப் பொதுவில் வைத்ததே யாரும் அனுமதி கேட்காமல் பார்க்கட்டும் என்றுதானே.

கேள்வி: சர்வர் வேலை செய்கிறது, ஒற்றை டைலைத் திறந்தால் வருகிறது, ஆனால் பார்வை மென்பொருளில் வெற்றுத் திரைதான்.

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, விவரக் கோப்பைத் திறந்து அதிலுள்ள முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். முன்னால் நிற்கும் பிராக்ஸி அசல் நெறிமுறையைச் சொல்லியனுப்பாவிட்டால் சர்வர் வெறும் ஹெச்டிடிபி என்று எழுதிவிடும், பாதுகாப்பான பக்கத்தில் பிரவுசர் அதைத் தடுத்துவிடும். இரண்டு, வேறு தளத்திலிருந்து பார்க்க அனுமதிக்கும் கோர்ஸ் தலைப்பு. பட அடையாளத்தில் சாய்கோடு இருந்தால் மூன்றாவதாக இதையும் பாருங்கள்: அதைக் குறியாக்கம் செய்து அனுப்பினாலும் அப்பாச்சி, டாம்கேட் ஆகிய வெப் சர்வர்கள் இரண்டும் தம் இயல்பு அமைப்பில் ஏற்காது. அடையாளங்களில் சாய்கோடே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

கேள்வி: நிறங்கள் மங்கித் தெரிகின்றன என்று ஓவியங்களைப் படமெடுத்த கலைஞர் வருத்தப்படுகிறார்.

அவர் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் எடுத்திருப்பார், டைல்களில் ஐசிசி நிற விவரம் போகாமல் இருக்கும். விவரம் இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், அப்போது நிறம் செத்துத் தெரியும். டைல்தோறும் விவரத்தை ஒட்டி அனுப்பலாம், ஆனால் சின்ன டைலில் அந்தக் கூடுதல் பைட்டுகளும் பாரம்தான். நான் சொல்வது, காப்பகப் பிரதியை அசல் நிறவெளியிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, சர்வருக்கான பிரதியை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றி எழுதுங்கள். மாற்றியபின் அந்தக் கலைஞரை நல்ல திரையின் முன் உட்காரவைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் கண்ணை நம்புங்கள்.

கேள்வி: ஐஐபிஇமேஜ் ஜிபிஎல் உரிமம் கொண்டது. அதில் மாற்றம் செய்து எங்கள் தளத்தில் ஓட்டினால் மூலநிரலை வெளியிட வேண்டுமா?

உங்கள் சர்வரில் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் ஜிபிஎல் அதைக் கேட்பதில்லை, மென்பொருளை மற்றவருக்குக் கொடுக்கும்போதுதான் கேட்கிறது. ஏஜிபிஎல் உரிமம் வேறு. மாற்றிய நிரலைப் பிணையம் வழியாகப் பயன்படுத்தக் கொடுத்தாலே மூலநிரலும் கொடுக்க வேண்டும். ஜேபெக் 2000 நூலகங்களில் குரோக் அந்த உரிமத்தில் வருகிறது, இணைக்கும் முன் பாருங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் உங்கள் மாற்றத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். தனியாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அதை நீங்களே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் நம்பியிருக்கும் பட சர்வரை உண்மையில் பராமரிப்பவர் ஒரே ஒருவர். ஓராண்டாகப் புதிய பதிப்பு இல்லை. அதன் நிரலைப் பிரதியெடுத்துக் கிளைத்துத் தனியாக நடத்தலாமா?

பதிப்பு வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முதிர்ந்த மென்பொருளில் புதிய வசதி வராமல் இருப்பது குறையல்ல. பாதுகாப்புப் பிழையைத் தெரிவித்தால் பதில் வருகிறதா, புதிய கம்பைலரில் கட்ட முடிகிறதா, கீழே இருக்கும் நூலகங்களின் புதிய பதிப்புகளோடு ஓடுகிறதா என்ற மூன்றைப் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

பட சர்வருக்குக் கீழ்நூலகங்கள்தான் உயிர்நாடி. ஆபத்தும் அவற்றின் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. 2023 செப்டம்பரில் வெப்பி நூலகத்தில் வெளிப்பட்ட நினைவகப் பிழை, பிரவுசர்களில் தொடங்கி அதை உள்ளே வைத்திருந்த எல்லா மென்பொருள்களையும் அவசரமாகப் புதுப்பிக்க வைத்தது. அதே மாதம் வெளியான லிப்டிஃப் 4.6 பதிப்பில், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் பல கட்டளைக் கருவிகள் நீக்கப்பட்டன. பொறுப்பேற்க ஆள் கிடைத்தபின், 2024-இல் வந்த 4.7-இல் அவை திரும்பின. ஆள் இருந்தால் கருவி இருக்கும், இல்லையென்றால் போய்விடும்.

கிளைப்பதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். கிளைத்த மறுநாளிலிருந்து அந்த ஒருவர் சுமந்த எல்லாமே உங்கள் தலையில், அதோடு பயனர்களும் இரண்டாகப் பிரிவார்கள். அதற்குப் பதில் உங்கள் நிறுவனம் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கலாம்: உங்களுக்கு வேண்டிய வசதிக்குப் பணம் கொடுத்து எழுதச் சொல்லலாம், அல்லது உங்கள் பணியாளர் ஒருவர் வாரத்தில் சில மணிநேரம் வரும் பிழைப் புகார்களைப் பிரித்து அடுக்கித் தரலாம். ஆனால் சோர்ந்திருக்கும் பராமரிப்பாளரிடம் ‘பொறுப்பைக் கொடு, கொடு’ என்று நெருக்குதல் தராதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவு அப்படித்தான் நுழைந்தது. தனியாளாகத் தாங்கிக்கொண்டிருந்தவரைப் பல பெயர்களில் நெருக்கி, உதவுவதாக வந்தவரிடம் பொறுப்பு போக வைத்தார்கள். நம்பிக்கை என்பது நிரல் நிரலாக, நாள்பட வளர வேண்டியது.

கேள்வி: சி++ ஓரளவுதான் தெரியும். பட சர்வர் திட்டத்தில் பங்களிக்க ஆசை. எதில் தொடங்குவது?

சோதனைப் படங்களில் தொடங்குங்கள். இதைப் பல பேர் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள், இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள வேலை குறைவு. ஒரு பிக்சல் அகலப் படம், 16 பிட் படம், ஒற்றை நிறத்தடம், அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறங்கள், ஒளிபுகும் தடம் உள்ளது, 4 ஜிபியைத் தாண்டியது, பாதியில் அறுந்த கோப்பு, இப்படி ஒவ்வொன்றையும் பகிரக்கூடிய உரிமத்தோடு செய்து, சர்வர் என்ன தர வேண்டும், என்ன தருகிறது என்று எழுதிக் கொடுங்கள்.

குறிப்பாக ஒற்றைப்படை அளவுகளை விடாதீர்கள். 10,001 பிக்சல் அகலமுள்ள படத்தின் அடுத்த மட்டம் 5,000-ஆ, 5,001-ஆ? டீப் ஜூம் முறை மேல்நோக்கி முழுமையாக்கும், லிப்விப்ஸ் எழுதும் பிரமிடு டிஃப் கீழ்நோக்கி முழுமையாக்கும். சர்வர் இந்த இரண்டையும் சரியாக இணைக்காவிட்டால் வலது ஓரத்தில் மெல்லிய கோடு தெரியும், அல்லது மட்டம் மாறும்போது படம் ஒரு துளி நகரும். பார்ப்பவருக்கு என்னவோ சரியில்லை என்று படும், சொல்லத் தெரியாது. இந்தப் பிழையை மீண்டும் உண்டாக்கிக் காட்டும் ஒரு சிறு படம் பராமரிப்பாளரின் பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

அதிலிருந்து நிரலுக்குள் போவது எளிது. உள்ளே போனபின் எடுத்துச் செய்ய அழகான வேலைகள் இருக்கின்றன. ஒன்று சொல்கிறேன்: ஜேபெக்காகவே சுருக்கி வைத்த டிஃப் டைலை, கேட்ட டைலும் அதுவேயாக இருந்தால், பிரித்து மறுபடி சுருக்க அவசியமே இல்லை. பிரிக்கத் தேவையான பொதுவான அட்டவணைகள் கோப்பில் தனி இடத்தில் இருக்கும், அவற்றை டைலின் முன்னால் பொருத்தி அனுப்பினால் பிராசஸர் வேலையும் மிச்சம், தரமும் குறையாது. எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் இப்படிச் செய்யக்கூடாது என்று யோசிப்பதிலேயே (நிறவெளி, ஓர டைல், கேட்ட தரம்) இந்த சர்வர் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கேள்வி: ஐஐஐஎஃப் மூன்றாம் பதிப்புக்கு மாறியே ஆக வேண்டுமா?

2020-இல் வந்த பதிப்பு, மாறுவது நல்லது, ஆனால் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். முழு அளவைக் கேட்கும் பழைய சொல் மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், ஏற்கெனவே கட்டுரைகளிலும் பாடங்களிலும் ஒட்டப்பட்ட உங்கள் இணைப்புகள் ஒரே நாளில் அறுந்துபோகும். முகவரியிலேயே பதிப்பு எண்ணை வைத்துப் பிரித்துவிட்டால் பழையவை பழைய வழியில் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: ஒரு படத்தை மறுபடி ஸ்கேன் செய்து அதே பெயரில் மாற்றினோம். இப்போது பழைய டைலும் புதிய டைலும் கலந்து தெரிகின்றன.

கேஷில் நீண்ட காலம் வைக்கச் சொன்ன டைல்கள் இன்னும் பிரவுசர்களிலும் நடுவே உள்ள பிராக்ஸிகளிலும் இருக்கின்றன. உங்கள் பிராக்ஸியை நீங்கள் காலி செய்யலாம், வாசகரின் பிரவுசரை முடியாது. அதனால் புதிய ஸ்கேனுக்கு அடையாளத்தில் பதிப்பு எண் சேர்த்துப் புதிய பெயர் கொடுங்கள், பழைய பெயரின் விவரக் கோப்பைக் கேட்பவரைப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள். விவரக் கோப்புக்கு மட்டும் சில நிமிட கேஷ் போதும், டைல்களுக்கு ஓராண்டு வைத்துக்கொள்ளலாம். பழைய ஸ்கேனை அழிக்க வேண்டாம், அதைக் குறிப்பிட்டு யாராவது ஏற்கெனவே எழுதியிருக்கக்கூடும்.